கொண்டி விழும் சத்தம்

வெளிநாட்டில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தரகரிடம் என்னென்னவோ கேட்பார்கள். கடல் தெரியுமா, பக்கத்தில் காய்கறிக் கடை உண்டா, வைஃபை நிற்காமல் ஓடுமா. என் மனைவி கேட்பது ஒன்றே ஒன்றுதான். வாசலில் இரும்புக் கேட் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அந்த வீடு வேண்டாம். வியட்நாமில் ஒரு தரகர் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பாவம், ஆளுயரக் கேட் வைத்த வீடுகளாகத் தேடித் தேடிக் கூட்டிப்போனார். அவள் ஒரு வாசலிலும் கால் வைக்காமல் திரும்பி நடந்தாள். கடைசியில் ஏழாவது மாடியில் ஒரு வீடு அமைந்தது. எனக்கு முழங்கால் வலி. லிஃப்ட் கெட்டுப்போகும் நாட்களில் அவளைத் திட்டிக்கொண்டே படியேறுவேன்.

ஊரில் எங்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்கிறார்கள். அவள் பள்ளிக்கூட டீச்சர், நான் கூட்டுறவு வங்கியில் கிளார்க், இரண்டு பேரும் ஓய்வு பெற்றாயிற்று. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் சொந்த வீடு. வயலைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு நாட்டில் விசா முடிந்தால் அடுத்த நாடு. பினாங்கு, வியட்நாம், தாய்லாந்து, இப்போது ஆர்மீனியாவில் யெரெவான். வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டால் போதும், சொந்தக்காரர்கள் இதயம் இதயமாக அனுப்புவார்கள். 'வாழ்ந்தா உங்களாட்ட வாழோணும்' என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று முழுக்க எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஒரு சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த இரண்டு கிழடுகளைப் பார்த்துத்தான் அவர் பொறாமைப்படுகிறார்.

எங்களுக்கு ஒரே மகன். பக்கத்துச் சித்தூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். வயல் மோட்டாரில் கம்பிச் சுருள் புகைந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாங்கள் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்ததால், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். கேட்டைத் திறந்தால் கிரீச் என்று ஒரு சத்தம். வண்டியை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய்ச் சாத்துவான். கொண்டி டக்கென்று விழும். இந்த இரண்டு சத்தத்துக்கும் சமையலறையில் அவளுக்கு வேலை இருந்தது. கிரீச் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்து எண்ணெய்ச் சட்டியை வைப்பாள். டக் கேட்டதும் அங்கிருந்தபடியே 'கையக் கழுவிட்டு வா' என்பாள். வார்னிஷும் கிரீஸும் ஏறிய கை. அவன் வந்து உட்காரும்போது பப்படம் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். எனக்கு வருவது எப்போதும் ஆறிப்போன பப்படம்தான். அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

அவன் கொண்டி போடாமல் உள்ளே வந்ததே இல்லை. சின்ன வயதில் ஒருதரம் கேட்டைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போனான். பக்கத்துத் தோட்டத்து மாடு புகுந்து அவள் போட்டிருந்த கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிட்டது. அன்றைக்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவனுக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

ஒரு புரட்டாசியில், சாப்பாட்டுக்கு வரும் வழியில், லாரி மோதி அவன் போய்விட்டான். இதற்கு மேல் இதை எழுத எனக்குத் தெம்பில்லை. அன்று வந்தவர்கள் எல்லோரும் கேட்டைத் திறந்தே போட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மிச்சமானபோது, நான் போய்க் கேட்டைச் சாத்தக் கையை வைத்தேன். அவள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஏனுங்க, நீங்க அந்தக் கொண்டியத் தொடாதீங்க" என்றாள். வேறொருவர் கையால் அந்தச் சத்தத்தைக் கேட்க அவளுக்கு மனசில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு யாரும் கொண்டி போடவில்லை.

ஐப்பசிக் கடைசியில் கீகாத்து வந்தது. மலை இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடம் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று. எங்கள் பக்கத்தில் தை முடியும்வரை ஓயாது. காயப்போட்ட துணியை அடுத்த தோட்டத்தில் போய்ப் பொறுக்க வேண்டும். பனைகள் பகல் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த காற்றுதான், ஆனால் அந்த வருஷம் எங்கள் கேட் கொண்டி போடாமல் கிடந்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். கிரீச்.

அவள் கை சோற்றிலேயே நின்றது. யாரென்று என்னைப் பார்த்தாள்.

"காத்து" என்றேன்.

"எந்தக் காத்துங்க?" என்றாள்.

எங்கள் பேச்சில் காத்து என்றால் காற்றும்தான், செத்தவர்கள் வருவதும்தான். ஒரு குழந்தை பயந்து காய்ச்சலில் கிடந்தால் காத்து பட்டுவிட்டது என்பார்கள். நான் அதையெல்லாம் நம்பாதவன். இருந்தும், நானும் அவளோடு சேர்ந்து கொண்டி விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்றுக்குத் திறக்கத்தான் தெரியும். கொண்டி போடத் தெரியாது.

அன்றிலிருந்து தினமும் இதே கதை. கிரீச் என்று கேட்கும், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றுமில்லாமைதான் எங்களைத் தின்றது. ஒருநாள் நான் கூடத்துக்கு வந்தபோது மேஜைமேல் தட்டு நிறையப் பப்படம் பொரித்து வைத்திருந்தது. எத்தனை தடவை கேட் சத்தம் கேட்டதோ அத்தனை தடவை பொரித்திருக்கிறாள். அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கடைசியில் பொரித்தவை சூடாகத்தான் இருந்தன. அத்தனை நாள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சூடான பப்படம்.

முதலில் இடுக்கி மலையில் உடும்பஞ்சோலைக்குப் போனோம். அங்கே ஏலக்காய்த் தோட்டத்துக்கு நடுவில் அவளுடைய அக்கா வீடு. காற்றுக்குப் பயந்து அந்த மலைக்குப் போன முட்டாள்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். முகட்டில் வரிசையாகக் காற்றாலை நட்டு வைத்திருக்கும் ஊர் அது. அக்கா வீட்டுத் தகரக் கதவு ராத்திரி பகல் என்றில்லாமல் அடித்துக்கொண்டது. ஒரு வாரம் தாக்குப்பிடித்தோம். "எங்காச்சும் கண்காணாத ஊருக்குப் போயிரலாமுங்க" என்றாள். பாஸ்போர்ட் எடுத்தேன். ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று வீட்டுக் கதவை இழுத்துப் பூட்டினேன். கேட்டுக்கும் ஒரு பூட்டு வாங்கி வைத்திருந்தேன். அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கேட் திறந்தே கிடந்தது.

பினாங்கில் நன்றாகத்தான் இருந்தோம். தமிழ் பேசும் கடைகள், கடற்கரை, சாயங்கால நடை. அவள் சிரிக்கக்கூட ஆரம்பித்திருந்தாள். பிறகு கீழே பூங்காவில் புதிதாக ஓர் ஊஞ்சல் மாட்டினார்கள். யாரோ ஆடியபோது கிரீச் என்றது. நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். இருவரும் ஒரே சமயத்தில் டம்ளரைக் கீழே வைத்தோம். "வேற ஊடு பாக்கலாமுங்க" என்றாள். ஊஞ்சலுக்கு எண்ணெய் போடச் சொல்லிக் காவலாளியிடம் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்த வாரமே பெட்டியைக் கட்டினோம்.

இப்படியேதான் நாடு நாடாக வந்தோம். எல்லா ஊரிலும் அவள் கைக்கடிகாரம் நம் ஊர் நேரத்தையே காட்டும். அங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளையாகும்போது, எங்களுக்கு முற்பகலோ பிற்பகலோ, அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து விட்ட இடத்திலிருந்து பேசுவாள். நானும் என்னவென்று கேட்டதில்லை. வருஷங்கள் போயின. எனக்கு அலுத்துவிட்டது. ஊருக்குப் போக வேண்டும். என் கட்டிலில் படுக்க வேண்டும், வரப்பில் நடக்க வேண்டும், சாகிறதாக இருந்தால் அங்கே சாக வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கும். நான் விட்டுவிடுவேன்.

யெரெவானுக்கு மார்கழியில் வந்தோம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரட்டைக் கண்ணாடி போட்ட ஜன்னல். ஒரு சத்தமும் உள்ளே வராது. இதற்கு மேல் அமைதியான வீடு கிடைக்காது என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகுதான் ஊரில் பக்கத்துத் தோட்டக்காரர் போன் செய்தார். எங்களைவிட வயதில் சின்னவர், எங்கள் வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்பவர், ஒரு காலத்தில் எங்கள் கீரையைத் தின்ற மாட்டுக்குச் சொந்தக்காரருடைய மகன்.

"ஏனுங்ணா, உங்க கேட்டு ஆடி ஆடிச் சத்தம் தாங்கலீங்க. வீதியில போறவங்க, ஊட்டுல காத்து இருக்குதுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. கொண்டி போட்டாப் பசங்க தூக்கி உட்டர்றாங்க. அதனால கம்பி போட்டு இறுக்கிக் கட்டிப்போட்டேனுங்ணா."

எனக்குத் தலையிலிருந்து பாரம் இறங்கியது. அவருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். தீர்ந்தது. சத்தம் நின்றுவிட்டது. இனி ஊருக்குப் போக என்ன தடை? சந்தோஷமாக அவளிடம் போய்ச் சொன்னேன்.

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரக் கேட்டுக் கட்டுனாரு?"

"நல்லதுக்குத்தானே புள்ள. இனிச் சத்தமே கேக்காது. ஊருக்குப் போலாம்."

"சத்தமில்லாத ஊட்டுக்கு நான் எதுக்குங்க வாரது?"

அவள் என்னிடம் குரலை உயர்த்தி எத்தனையோ காலமாயிற்று. அன்று உயர்த்தினாள். அவனுடையதென்று அந்த வீட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதையும் கம்பி போட்டுக் கட்டிவிட்டீர்கள் என்றாள். அது கேட்கும் இடத்தில் இருக்க முடியாமல்தான் ஓடிவந்தாளாம். கேட்காமலே போகட்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லையாம். அவ்வளவு நாட்டில் அவ்வளவு நாள் கூடவே இருந்திருக்கிறேன், எனக்கு இது தெரியவில்லை. அவள் ஊர் நேரம் பார்த்துப் பேச்சை நிறுத்தும் ஒவ்வொரு மத்தியானமும், நல்லேப்பிள்ளியில் கேட் தனியாகத் திறந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

மறுநாள் அவளே போன் போட்டாள். ஊரில் நல்ல வெயில். இங்கே நாங்கள் இன்னும் காலைப் பலகாரம் சாப்பிடவில்லை.

"தம்பி, அந்தக் கம்பிய அவுத்துடுங்க."

"ஏனுங்க்கா, ஊர்ல பேசறாங்கன்னுதான்..."

"பேசட்டுங்க. கேட்டு திறந்தே கெடக்கட்டும்."

அவர் நல்ல மனிதர். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு போனார். போனை வைக்க வேண்டாம் என்று அவள் சொன்னதால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மேஜையருகில் உட்கார்ந்தோம். பையில் துணி உரசியது. பனை ஓலைகளின் இரைச்சல் வந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதுமே போனைக் கிட்டே இழுத்தேன். கம்பி அறுந்தது. பிறகு, வருஷங்களுக்குப் பின், கிரீச்.

அவள் எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவள் கையைப் பற்றினேன். சில்லென்று இருந்தது.

அவர் உள்ளே போய் வாசலைச் சுற்றிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, சருகு மிதிபட்டது. "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க்கா, நான் வாரேன்" என்றார். வெளியே வந்தவர் அவள் சொன்னதை மறந்துவிட்டார். மாடு வளர்க்கிறவர் கை, தானாகக் கேட்டை இழுத்துச் சாத்தியது.

டக்.

அவள் போனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாதாரணமாக, தினமும் சொல்கிற குரலில் சொன்னாள்.

"கையக் கழுவிட்டு வா."

"ஏனுங்க்கா? என்ன சொன்னீங்க?" என்றார் அவர் போனில். போனை அணைத்தேன்.

வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன், நானும்தான் அழுதேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப என்ன மாசமுங்க?"

"தை பொறந்துருச்சு."

"அப்ப டிக்கெட் எடுங்க. காத்து நிக்கறதுக்குள்ள போயிரலாம்."