எந்தக் கடல் என்று கேட்கிற வேலை

வேன் வாடகைக்கு விடும் அலுவலகத்தில் போன் எடுக்கிறவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் வேலை: எந்தக் கடலுக்குப் போகிறீர்கள்? கேட்க எளிது. பதில் வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் அந்த வீட்டில் இரண்டு பேர் பேசாமல் போயிருப்பார்கள். ஜவுளிக்கடையில் ஐம்பதாவது சேலையை விரித்துப் போடுகிறவர்களே, கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுப் பட்டியலை எட்டாவது முறை திருத்தி எழுதுகிறவர்களே, நீங்கள் என் இனம்.

எம்.ஏ. பொருளாதாரம் முதல் வருடம் முடிந்த கோடை விடுமுறையில், பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இந்த வேலையில் சேர்ந்தேன். முதலாளி அண்ணாச்சிக்கு இரண்டு வேன். டிரைவர் சேவியர் அண்ணன் உவரிக்காரர், கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார். எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

சூரியன் விழாத கடல்

சேர்ந்த முதல் வாரம். வங்கி அதிகாரி ஒருவர், திருச்செந்தூரில் சூரியன் கடலில் இறங்கும்போது குடும்பத்தோடு போட்டோ எடுக்க வேண்டும், அதற்குத் தோதாக வண்டி வேண்டும் என்றார். சார், அங்கே கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம்தான் இறங்கும் என்றேன். போன தடவை பார்த்ததாகச் சொன்னார். அப்படியானால் அது விடியற்காலையாக இருந்திருக்கும் என்றேன். குரல் உயர்ந்தது. என் குரலும்தான். அண்ணாச்சி பைய வந்து போனை வாங்கி, அன்று சாயங்காலத்துக்கே வண்டி எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் அந்த அதிகாரியே கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னது இது: "நீ சொன்னது சரிதாம்மா, சூரியன் பின்னாலதான் போச்சு. நாங்க தண்ணிக்குள்ள நின்னு திரும்பிப் பாத்தோம், நேரே கோபுரத்துக்குப் பின்னால எறங்குச்சு. அதை நீ சொல்லவே இல்லையே?"

மத்தியானம் ஒன்றேகாலுக்கு

கோமதி அக்கா அரசு அலுவலகமொன்றில் கிளார்க். சாப்பாட்டு வேளையில்தான் போன் செய்வார். முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் இவை. எந்தக் கடற்கரையில் தரை சரிவாக இறங்கும்? எங்கே காலை இழுக்காது? எங்கே பாறை கிடையாது? எங்கே போனைத் தூக்கிக்கொண்டு பொம்பளைகளைப் படம் எடுக்கிற கூட்டம் குறைவு? வாடகையையும் சாப்பாட்டையும் கேட்கிறவர்களைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறீர்களா அக்கா என்றேன். இல்லை, தனக்காகத்தான் என்றார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். வருடம் தவறாமல் குடும்பத்தோடு கடலுக்குப் போகிறார். ஒரு தடவைகூடக் கால் நனைத்ததில்லை. எட்டுப் பேரின் மாற்றுத்துணி, கழற்றிப் போட்ட சங்கிலி, போன், செருப்பு, மாமியாரின் மாத்திரை, புளியோதரைத் தூக்குவாளி எல்லாவற்றையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. மற்றவர்கள் ஏறி வந்ததும் தலை துவட்டி விட வேண்டும், சாப்பாடு போட வேண்டும், அதற்குள் வண்டி ஹாரன் அடித்துவிடும். இத்தனைக்கும் அவர் கல்லிடைக்குறிச்சியில் ஆற்றில் நீந்தி வளர்ந்தவர். எனக்கு வந்ததே கோபம். பெண், உழைப்பு, உரிமை என்று பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினேன். பாடத்திட்டத்தில் இல்லாததையும் பேசினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பேசிட்டியா பிள்ள? இப்பம் சொல்லு, மணப்பாட்டுல தரை சரிவா, பொசுக்குன்னு எறங்குமா?"

ஸ்பீக்கரில் ஒரு வீடு

மணப்பாட்டில் தரை பையத்தான் இறங்கும், ஆனால் முகத்துவாரத்துப் பக்கம் போகக்கூடாது. சேவியர் அண்ணனிடம் கேட்டுச் சொன்னேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டிலிருந்து மொத்தக் குடும்பமும் ஸ்பீக்கரில் வந்தது. மாமனாருக்குக் கன்னியாகுமரி. பிள்ளைகள் போனில் அலைச்சறுக்குப் படம் பார்த்திருந்ததால் அவர்களுக்கும் மணப்பாடு. கணவருக்கு எங்கே வண்டி நிறுத்த நிழல் இருக்கிறதோ அங்கே. மாமியார் ஒரே பேச்சு: கடல் என்றால் திருச்செந்தூர். அக்கா குரல் மட்டும் கேட்கவே இல்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே மணப்பாடு போய்வரலாமே என்றேன். கோயிலுக்குப் போனால் நேரே வீட்டுக்குத்தான் வரணும், பூசின திருநீற்றை வேறொரு கடலில் போய்க் கரைக்கவா என்று மாமியார் கேட்டார். நான் விடவில்லை, தர்க்கம் பேசினேன். அவரும் விடவில்லை. கடைசியில் கன்னியாகுமரியும் இல்லை, மணப்பாடும் இல்லை, திருச்செந்தூர் மட்டும் போதும் என்று போன் வைக்கப்பட்டது. அக்காவின் கடலை நானே மூடிவிட்டேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்: "தாயி, நம்ம வேலை வண்டி அனுப்புதது. அவுக மாமியாரைத் திருத்துதது இல்ல."

திருப்பிப் போட்ட வழி

மறுநாள் ஒன்றேகாலுக்கு அக்காவே பேசினார். நான் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். தேவையில்லை, வேலை முடிந்தது என்றார். நான் சொன்ன வழியை அவர் அப்படியே திருப்பிப் போட்டிருந்தார். விடியுமுன் கிளம்பி முதலில் மணப்பாடு, பிறகுதான் திருச்செந்தூர், அங்கிருந்து நேரே வீடு. கோயிலுக்கு முன்னால் எத்தனை கடலில் குளித்தால் என்ன குற்றம்? மாமியாரும் ஒத்துக்கொண்டாராம். வழியில் உடன்குடியில் நிறுத்திக் கருப்பட்டி வாங்கலாம் என்றதும் மாமனார் கன்னியாகுமரியை விட்டுவிட்டாராம். என் ஒரு வருட எம்.ஏ. படிப்பு திறக்காத கதவை ஒரே இரவில் திறந்துவிட்டு, அவர் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நானும் வேனில் வர வேண்டும், அண்ணாச்சியிடம் கேட்டாகிவிட்டது என்றார். கடல் விவரம் சொல்லக் கூப்பிடுகிறார் என்று பூரித்துப்போனேன். இல்லை, பையைப் பார்த்துக்கொள்ள. எம்.ஏ. படிக்கிறவளையா என்று கொதித்தேன். அக்கா அமைதியாகச் சொன்னார்: "வேற யாருட்ட கேக்க? நீதானே உரிமைன்னு பத்து நிமிசம் பேசுன?"

மணப்பாடு

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விடிந்துகொண்டிருந்தது. குன்றின்மேல் வெள்ளைச் சிலுவைக் கோயில், கீழே வளைந்து கிடக்கிற மணல், அதற்கப்பால் முடிவே இல்லாமல் தண்ணீர். எத்தனையோ பேருக்குப் போனில் விற்ற கடல், நேரில் என்னைப் பேசவிடவில்லை. சேவியர் அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று, இதுக்கு அங்கிட்டுப் போகாதீங்க என்று கையால் கோடு காட்டினார். எல்லோரும் வழக்கம்போல் கழற்றிக் கழற்றி அக்கா காலடியில் போட்டுவிட்டு ஓடினார்கள். அக்கா தூக்கை என் மடியில் வைத்தார், சேலையைத் தூக்கிச் செருகினார், நடந்தார். கோமதி, பை என்று கணவர் கத்தினார். திரும்பாமல் என்னைக் கை காட்டினார்.

இடுப்பளவு போனதும் ஆற்றில் முங்குகிற மாதிரி மூக்கைப் பிடித்து மூன்று முங்கு. பிறகு அசையவில்லை. அலை வந்தது, உடம்பு லேசாக உயர்ந்தது, இறங்கியது. பிள்ளைகள் துண்டு கேட்டுக் கரைக்கு வந்தார்கள், அவர் திரும்பவில்லை. மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வாக்குவாதத்துக்கு நான் தயாரானேன். அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் அது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியும் என்றேன். என் மடியிலிருந்த தூக்கை எடுத்துத் திறந்து, பிள்ளைகளுக்கு அவரே சோறு போட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா வந்து, சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுங்கிக்கொண்டிருந்தார். துண்டை எடுத்து நீட்டினேன். அவராகவே சொன்னார்: "இத்தனை வருசமும் தண்ணிக்குள்ள நம்ம வீட்டுத் தலைகளைத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன் பிள்ள. கடலை இன்னைக்குத்தான் பாக்கேன்."

பையை யார் பார்த்துக்கொள்வது என்பது முடிவாகிவிட்டால் போதும், எந்தக் கடல் என்பதை எந்த வீட்டிலும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடலாம் என்பதே இந்தத் தொழிலில் நான் கற்ற மொத்தப் பொருளாதாரம்.