வலிக்காமல் நழுவிய முழங்கால்

ஏலத்தோட்டத்தில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியது. சில வாரங்களில் வலி நின்றதும், சரியாகிவிட்டது என்று நினைத்து, காலில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தேன். கம்பம் ஊருக்கு மலைப்பாதையில் இறங்கும்போது, துளியும் வலிக்காமல் முட்டி நழுவியது. கீழே பள்ளம். பாறையைக் கட்டிக்கொண்டேன். ஊர் ஊராக நடந்து பிழைப்பவன் நான். கால் போனால் பிச்சைதான்.

விறகுச் சுமையோடு பின்னால் இறங்கி வந்த பெண் நின்றாள்.

“என்னண்ணே, பாறைக்குத் தாலி கட்டப்போறீகளா?”

“வலியே இல்ல தாயி, கால் நிக்கமாட்டேங்குது.”

“வலி முந்திப் போயிரும். உள்ள ஜவ்வு சேர மாசக்கணக்காகும். எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் அவசரப்பட்டாக. இப்பக் கம்பு ஊனித்தான் நடக்குறாக.”

சுமையை அங்கேயே இறக்கிவிட்டு, தோள் கொடுத்து என்னை அடிவாரம் சேர்த்தாள். பிறகு விறகுக்காக மறுபடியும் மேலே ஏறினாள்.

கால் தேற ஓராண்டானது. இப்போதும் இறக்கத்தில் முழங்கால் வலித்தால் நிம்மதியாக இருக்கிறது, வலிக்காதபோதுதான் பயம்.