பூட்டிய ஃபோல்டருக்குள் வந்தவர்

கணினியில் புதிதாக ஒரு பக்கம் கண்ணில் பட்டுவிட்டால் விசாமால் சும்மா இருக்க முடியாது. அதற்குள் என்ன இருக்கிறது, எந்தப் பொத்தான் எதைத் திறக்கும் என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படி நோண்டியதில் பிரிண்டர் ஒரு வாரம் ஊமையாகக் கிடந்ததுண்டு. ஆனாலும் விடமாட்டாள்.

பாகோஸ் பேட்டையில் டிராம் பாதைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் அவளைத் தெரியாத பெண்கள் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின மருதாணி இரவில் படம் எடுப்பவள் அவள்தான். அன்றைக்கு ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. பெண்கள் முக்காட்டை ஆணியில் மாட்டிவிட்டு, முடியை அவிழ்த்துவிட்டு, இடுப்பில் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். விசாம் முன்பு மன்ஷியா கடைவீதியில் ஒரு ஸ்டுடியோவின் கவுண்டரில் நின்றவள். ஃபிலிம் சுருளை நீட்டிவிட்டு, உள்ளே கழுவுகிறவன் ஆண் என்று தெரிந்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த யோசனை வந்தது. டிஜிட்டல் கேமரா வாங்கினாள், வேலையை விட்டாள். எடுத்த படம் அவள் வீட்டைத் தாண்டி எங்கும் போகாது என்ற நம்பிக்கைதான் அவளுடைய முழு முதலும். அதில் ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

படங்கள் இருந்தது படுக்கையறையில் உள்ள பெரிய கணினியில். பார்க்க வரும் மணப்பெண்கள் உட்காருவது கூடத்தில். அதனால் அந்த ஃபோல்டரை மட்டும் பகிர்வில் போட்டு, கூடத்து லேப்டாப்பில் திறந்து காட்டுவாள். சந்துக்கு மொத்தமே ஒரு நெட் இணைப்புதான். ஃபோன் கடையிலிருந்து கிளம்பும் கேபிள் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி எல்லா வீட்டுக்கும் போகும். ஒருவர் இறக்கிய சீரியலை இன்னொருவர் தன் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பார். இது தெரிந்துதான் விசாம் பகிர்வுப் பக்கத்தில் "எல்லோரும்" என்று இருந்ததை நீக்கினாள். ஒரே ஒரு பயனர் பெயருக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். பாஸ்வேர்ட் இல்லாமல் யாரும் நுழையக் கூடாது என்ற கட்டத்திலும் டிக் போட்டாள். இதையெல்லாம் யாரிடமும் கேட்காமல் தானே செய்ததில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், போன வாரம் எடுத்த, ரபாப் என்ற மணப்பெண்ணின் மருதாணிப் படங்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தாள். ஃபோல்டருக்குப் பெயர் மாற்றப் பார்த்தால் கணினி மறுத்தது. உள்ளே இருக்கும் ஒரு கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறதாம். லேப்டாப்போ அணைந்து பையில் கிடந்தது.

பகிர்ந்த ஃபோல்டரை இந்த நிமிடம் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட ஒரு பக்கம் உண்டு. எப்போதோ நோண்டிக் கண்டுபிடித்தது. அதைத் திறந்தாள். ஒரே ஒரு வரி இருந்தது. 37-இல் முடியும் ஒரு முகவரி. திறந்திருப்பது ரபாபின் ஒரு படம். பயனர் பெயர் பையூமி.

பையூமி என்பவன் அந்தச் சந்துக்கே கணினி போட்டுக் கொடுத்த ஆள். விசாமின் கணினியிலும் அவன் வைத்துவிட்டுப் போன பெயர்தான் பயனர் பெயர். மாற்ற அவளுக்குத் தோன்றியதில்லை. உடனே பகிர்வை நிறுத்திவிட்டு அவனுக்கு ஃபோன் போட்டாள். அவன் டிராமில் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். தன் வீட்டுக் கணினி ரிப்பேராகிப் பிரிந்து கிடப்பதாகச் சொன்னான். பிறகு டிராம் மணிச் சத்தத்துக்கு நடுவே கேட்டான்.

"அக்கா, உங்க பாஸ்வேர்ட மாத்தினீங்களா?"

"நீ வெச்சதுதான் இருக்கு."

"நம்ம சந்துல எல்லா வீட்டுக்கும் நான்தான் போட்டேன். ஆளாளுக்கு ஒண்ணு வெச்சா மறந்துட்டு ராத்திரி பகல் பாக்காம என்னைக் கூப்பிடறாங்கன்னு, எல்லாத்துலயும் அதே பேரு, அதே பாஸ்வேர்ட்."

விசாமுக்குப் புரிந்துவிட்டது. சந்தில் எந்தக் கணினி வந்து கதவைத் தட்டினாலும் அவளுடைய கணினி அதைத் தன் எஜமானி என்றே நினைக்கும். பெயரும் சரி, சாவியும் சரி. கேள்வியே கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

அப்படியானால் வந்தது யார்? ஆணா, பெண்ணா? பார்த்ததோடு நின்றதா, யாருக்காவது அனுப்பியாகிவிட்டதா? அந்தக் கணினியை அணைத்துப் போட்டால் நாளைக்கு அதற்கு வேறு முகவரி வந்துவிடும். இன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். புறாக்கூண்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மூடிய பெட்டியில்தான் சந்தின் கேபிள்கள் எல்லாம் வந்து சேர்கின்றன. லேப்டாப்பை அதில் செருகி, அந்த முகவரியை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி ஓடவிட்டாள். அந்தப் பக்கமிருந்து பதில் மேல் பதில் வந்தது. பிறகு கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பதில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினாள். கீழே ஜன்னல்கள் திறந்தன. நெட்டைப் பிடுங்கிய கழுதை எவன் என்று ஒருவர் விசாரித்தார். பையூமியின் வம்சத்தையே ஒரு அம்மாள் இழுத்தாள். விசாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் நிறக் கேபிள் ஒன்றைப் பிடுங்கியதும் பதில் நின்றது. செருகினாள், வந்தது. பிடுங்கினாள், நின்றது.

அந்தக் கேபிளைக் கண்ணால் தொடர்ந்தாள். டிஷ் ஆன்டெனாவைச் சுற்றி, சந்துக்கு மேலே தொங்கி, எதிர் வீட்டு மூன்றாம் மாடியில் துணிக்கொடிக்குக் கீழே அது உள்ளே போனது. ஃபௌக்கியா அம்மாளின் வீடு.

ரபாபின் அம்மாவுக்கு ஒரே அக்கா. அப்பா விட்டுப்போன வீட்டின் பங்குக்காகத் தங்கையோடு சண்டை பிடித்து, வருடக்கணக்காகப் பேச்சு வார்த்தை இல்லை. மருதாணிக்கு அவரைக் கூப்பிடவில்லை என்பது சந்துக்கே தெரியும்.

கதவைத் திறந்தவரின் கையில் முலுக்கியா கீரை நறுக்கும் கத்தி இருந்தது.

"வா. மத்தியானத்துலருந்து படம் வரல. அப்பவே நெனச்சேன், நீ வருவேன்னு."

"யார் யாரு பாத்தாங்க அத்தை?"

"இங்க யாரு இருக்கா பாக்க? மகன் குவைத்துல. அவன் வீடியோல வந்தாக்கூட இத மூடிட்டுத்தான் பேசுவேன். மானம் மரியாதை எனக்குத் தெரியாதா?"

"கேக்காம உள்ள வரலாமா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களோ? சீரியல் தேடிப் போனேன். கம்ப்யூட்டர் என்னை எதுவும் கேக்கல. எட்டிப் பாத்தா எங்க வீட்டுப் பொண்ணு உக்காந்து சிரிச்சிட்டு இருக்கா. திரும்பி வர எனக்குக் கல்மனசு இல்லம்மா."

விசாம் அவருடைய கணினியில் உட்கார்ந்து மூலை முடுக்கெல்லாம் தேடினாள். ஒரு பிரதிகூட இல்லை. எடுத்து வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் தினமும் வந்திருக்கிறார்.

விஷயத்தை அங்கேயே புதைத்துவிடலாம். பையூமி வாயைத் திறக்கமாட்டான், ஃபௌக்கியா அம்மாளும் சொல்லப்போவதில்லை. வியாழக்கிழமை ரபாப் படம் தேர்ந்தெடுக்க வருகிற வரைக்கும் விசாம் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். ரபாப் உட்கார்ந்து டீயில் சர்க்கரையைக் கலக்கும்போது சொல்லிவிட்டாள். பாஸ்வேர்டிலிருந்து மொட்டை மாடி வரை ஒன்றையும் விடவில்லை.

ரபாப் டீயைத் தொடவில்லை. ஆண் யாராவது பார்த்தார்களா என்று இரண்டு தடவை கேட்டாள். இல்லை என்றதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கோபத்தில் அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது.

"எந்தப் படம்?"

விசாம் காட்டினாள். ஈர மருதாணிக் கைகளை விரித்து வைத்துக்கொண்டு, கண் இடுங்க, வாய் முழுக்கத் திறந்து ரபாப் சிரிக்கிறாள்.

"இதையா? குகை மாதிரி இருக்கு என் வாய்." அதையே வெகு நேரம் பார்த்தாள். "ஒரு பிரிண்ட் போடுங்க."

"ஆல்பத்துக்கா?"

"பெரியம்மாவுக்கு. நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு அப்புறம் பாத்துக்கறேன்." எழுந்தவள் திரும்பி நின்றாள். "என் நாத்தனாருக்கு அடுத்த மாசம் மருதாணி. அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்கக்கா. கேட்டுட்டு அவ முடிவு பண்ணட்டும். உங்களுக்காக என்னைப் பரிஞ்சு பேசச் சொல்லாதீங்க."

விசாம் போய்ச் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வாயால் சொன்னதை நம்பமாட்டேன், வந்து பார்க்கிறேன் என்றாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாம் வீடு திரும்பும் வேளையில் வந்தாள். நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கணினியின் பின்பக்கம் குனிந்தாள். நெட் கேபிள் செருகும் துளை காலியாக இருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். கேபிள் எங்கே என்று கேட்டாள். சமையலறையில் துணி காயப்போடக் கொடியாகக் கட்டியிருக்கிறேன் என்று விசாம் சொன்னதும், போய் அதையும் பார்த்தாள். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருதாணி எந்தத் தேதி, பாட்டுக்காரிகள் எத்தனை மணிக்கு வருவார்கள், கேமராவோடு எப்போது வந்து சேர வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள்.