பகலில் எரிந்த பல்பு

நேற்றுச் சாயங்காலம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல, எனக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். மலையாளத்துச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பும் நெல்வயலும் உள்ள பெரிய மனிதர். மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கை லேசாகத் துருத்தியபடி பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் இருங்க டீச்சர். இப்பத் திரும்புனா ஆளு செத்துப் போவானுங்க."

உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் ஒரு குட்டி மனிதன் தாவிக்கொண்டிருந்தான். அவன் பிழைக்கும்வரை என் குடிதண்ணீர் காத்திருந்தது.

எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க ஆளில்லாமல். அதில் ஒருவர் மலையாளத்தில், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதும் காட்டைக் காப்பதும் ஒவ்வொருவரின் பொறுப்பு என்று உருக்கமாகப் பேசினார். அதையாவது அணைக்கலாமே என்றேன். வீட்டுக்காரர் சிரித்தார். "நம்ம ஊட்டுக் கரண்டு, நாம எரிக்கறம். டிவி ஓடறது ரோட்டுக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

டிவிமேல் எனக்குப் பகையில்லை. பாட்டு நிகழ்ச்சி வரும் அன்று அதே கூடத்தில் முதல் ஆளாய்ப் போய் உட்காருகிறவள்தான் நான். அந்தப் பொறுப்பு என்ற சொல்தான் என்னைக் குத்துகிறது. அந்த நேரம் பார்த்து டிவியின் முதுகிலிருந்து சூடேறிய தூசியின் வாசனை வேறு வந்தது. பல்பில் விட்டில் கருகும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த வாசனை.

நான் வளர்ந்தது ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டினார், அம்மா கொழுந்து கிள்ளினாள். எழுபதுகளின் கடைசியில் அணைக்கட்டு மின்சாரம் எங்கள் மலை வழியாகத்தான் போனது. மின்கோபுரம் நட ஒரு சரிவு மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். மிச்சமிருந்த சோலையைத் தேயிலை ஃபேக்டரியின் அடுப்பு இரவும் பகலும் தின்றது. மழைக்காலத்தில் தலைக்கு மேலே கம்பிகள் ரீங்காரம் போடும். கீழே, ஆறு குடும்பங்கள் ஒரே கூரைக்கடியில் இருந்த எங்கள் லயத்தில், மண்ணெண்ணெய் விளக்கு.

எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பக்கத்து வீட்டுச் சலோமியும் என்னோடு பத்தாவது படித்தாள். அவளுக்கு நர்ஸாக வேண்டும். அப்பா இல்லாத வீடு. மாதம் பாதியாகும் முன்பே மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். யூனியன்காரர்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் தோட்டத்து நிர்வாகத்தார் லயத்தின் நீண்ட வராந்தாவில் ஒரே ஒரு பல்பு மாட்டினார்கள். அதற்கடியில் நாங்கள் இருவரும் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். பூச்சிகள் வந்து உலக வரைபடத்தின்மேல் விழும். சலோமி ஊதித் தள்ளிவிட்டு மேலே படிப்பாள்.

அந்தப் பல்பை அப்பா அணைக்க விடவில்லை. லயத்தில் ஒருவரும் விடவில்லை. பகலிலும் எரிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கற்றதையெல்லாம் எடுத்துச் சொல்லி அணைப்பேன். அப்பா எழுந்து போய்ப் போட்டுவிடுவார்.

"ஏளா, அணைச்சா வேண்டாம்னு நெனச்சிருவாவ. எரியட்டும்."

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் தோட்டத்து நியாயம் அப்படி. வருஷத்துக்கு ஒரு முறை கம்பளி கொடுப்பார்கள். அதைப் போர்த்தாமல் கண்டக்டர் கண்ணில் பட்டால், உனக்குத்தான் குளிரவில்லையே என்று அடுத்த வருஷம் நிறுத்திவிடுவார். வேலையை மேற்பார்க்கும் அந்தக் கண்டக்டரை எண்ணியே ஜனங்கள் வேர்க்கும் வெயிலிலும் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பல்பையும் அப்படித்தான் போர்த்திக்கொண்டோம்.

பரீட்சைக்கு முந்தைய மாதம், ஒரு நட்டநடுப் பகலில் கண்டக்டர் அதைப் பார்த்தார். "சூரியனுக்கே வெளிச்சம் காட்டுறீங்களோ? பொறுப்பு கெட்ட ஜனங்க," என்று சொல்லி, பல்பைக் கழற்றியதோடு வயரையும் அறுக்கச் சொன்னார்.

மறுநாள் அப்பாவோடு நானும் போனேன். அப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கெஞ்சினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தொரை பங்களா ரோட்டுல பகல்லயும் லைட் எரியுதே சார். அது யாரு பொறுப்பு?"

அப்பா என் முழங்கையைக் கிள்ளினார். கண்டக்டர் என்னைப் பார்க்கவேயில்லை. அப்பாவிடம் சொன்னார்: "படிக்க வச்சீங்கல்ல, அனுபவிங்க."

கேட்டதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. ஆனால் பரீட்சை முடியும்வரை பல்பு வரவில்லை. எங்கள் வீட்டு விளக்கில் இருவரும் படிக்கலாம் என்று சலோமியைக் கூப்பிட்டேன். அவள் அம்மா விடவில்லை. "அடுத்த வீட்டு எண்ணெயில எம்மவ படிக்க வேண்டாம்." ரோஷக்காரி. எங்களிடமும் இரண்டு விளக்குக்கு எண்ணெய் கிடையாது.

நான் தேறினேன். சலோமி கணக்கில் போய்விட்டாள். அப்பா லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தார், அவளும் வாங்கிக்கொண்டாள். மறுவாரம் அவள் முதுகில் கொழுந்துக் கூடை ஏறியது. பல்பும் திரும்ப வந்தது, படிக்க யாரும் இல்லாத வராந்தாவுக்கு.

போன கிறிஸ்துமஸுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சோலை இருந்த சரிவெல்லாம் இப்போது யூகலிப்டஸ். வீட்டுக்கு வீடு மின்சாரம் வந்துவிட்டது. விளக்கை அணைக்க மறக்கிற சலோமியின் பிள்ளைகளை நான் திட்டவில்லை. பரீட்சையை இன்னொரு தடவை எழுதலாமே என்று அவளிடம் கேட்டேன். "போடி, இப்பப் போயி," என்று சொல்லிவிட்டுக் கொழுந்துச் சாயம் ஏறிய விரலால் என் சேலையைத் தொட்டு, எங்கே எடுத்தாய் என்று விசாரித்தாள்.

வராந்தாவைப் பலகை அடித்து ஆறு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்து படித்த இடத்தில் விறகு அடுக்கியிருக்கிறது.