கித்தானுக்குள் வெடித்த பேட்டரி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டெலிபோன் வேலையில் இருந்தேன். பிரிஞ்சாங் மலையூருக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டத்து ஓரமாக நின்ற இரும்புப் பெட்டிக்குள் புது பேட்டரிகளைப் பொருத்தி, சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தேன். சாரல் அடிக்காமலிருக்கப் பெட்டியையும் என்னையும் சேர்த்துக் கித்தானால் மூடியிருந்தேன். பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு வெளியேற வழியில்லை. ஸ்பேனர் உரசி ஒரு பொறி தெறித்தது. பேட்டரி வெடித்து, ஆசிட் முகத்தில் அடித்தது.

கண் இருண்டுவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து, என்னை ஓடைக்கு இழுத்துப்போய்க் கண்ணில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். எரிச்சல் தாங்காமல் அவளை அடித்தேன்.

“அடிச்சுக்கோ தம்பி, தலைய மட்டும் தூக்காத லா!”

இடது கண் போய்விட்டது. வலது கண் பிழைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனேன். என் சட்டையில் ஊறியிருந்த ஆசிட் பட்டு அவளுடைய இரண்டு கைகளும் வெந்திருந்தன. கொழுந்து பறிக்கப் போக முடியாமல் வீட்டில் இருந்தாள். துணி சுற்றிய கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “கண்ணு தெரியுதா தம்பி?” என்றாள்.

“தெரியுதுக்கா” என்றேன்.

காலையில் விழித்து வெளிச்சம் தெரியும்போதெல்லாம், எனக்கு முதலில் அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.