கொழுந்துத் தராசில் நாலு றாத்தல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பழகிய குத்துச்சண்டையை அப்போதும் விடவில்லை. கண்டியில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். என் பிரிவில் இறங்க வேண்டுமானால் எடை நூற்றுப் பதினெட்டு றாத்தலைத் தாண்டக் கூடாது; பவுண்டைத்தான் நாங்கள் றாத்தல் என்போம்.

எடை பார்க்க எங்கே போவது? கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு இருந்ததே. அதன் கொக்கியைப் பிடித்துக் குரங்கு மாதிரித் தொங்குவேன், கங்காணி முள்ளைப் பார்த்துச் சொல்வார். சரியாக நூற்றுப் பதினெட்டு. சோற்றைக்கூடக் குறைக்காமல் எடை நிற்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

அதே தராசைப் பற்றி, கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் மாதக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தார். "கூடை கனக்குதுங்க ஐயா, தராசுதான் காட்ட மாட்டேங்குது" என்பார். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். "தராசுக்கு ஒன்மேல என்ன கோவமா?" என்று எரிந்து விழுந்து, அரைப்பேர் போட்டு அனுப்பிவிடுவேன்.

போட்டியன்று காலை கண்டியில் நிறுத்துப் பார்த்தால் நூற்றிருபத்திரண்டு! துணைக்கு வந்திருந்த பள்ளித் தோழன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீ எதுல மச்சான் நிறுத்த?"

"கொழுந்துத் தராசுல."

"அப்ப அதுலதான் பிழை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாதாட நேரமில்லை. எடையைக் குறைக்க மத்தியானம் வரை தவணை கொடுத்தார்கள். இரண்டு கம்பளிச் சட்டைகளை மாட்டிக்கொண்டு வெயிலில் கண்டி வாவியைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாலு றாத்தலும் போனது, கூடவே இருந்த பலமும் போனது. இரண்டாவது சுற்றில் எதிராளி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. என் கால்கள் தாமாகவே மடங்கிவிட்டன.

மறுநாள் காலை, தேயிலை ஸ்டோரிலிருந்து ஐம்பத்தாறு றாத்தல் படிக்கல்லைக் கொண்டுவரச் சொல்லி, மடுவத்துக் கொக்கியில் மாட்டினேன். முள் ஐம்பத்திரண்டில் நின்றது. தோட்டத் துரையிடம் சொல்லித் தராசை மாற்றவைத்தேன். போட்டுவிட்ட அரைப்பேர்களை மாற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

அந்தப் பெண்ணைத் தேடிப் போய், தராசில்தான் பிழை என்று சொன்னேன்.

"அதத்தானே ஐயா நானும் சொன்னேன்" என்றார். கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறிப் போய்விட்டார்.

அந்த நாலு றாத்தலால் நான் பட்ட பாடு ஒரே ஒரு பகல்தான். அவர் அதை எத்தனை நாள் சும்மா சுமந்து இறங்கினாரோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.