வெறுங்காலில் ஒரு விசாரிப்பு

கேட்டைத் திறப்பதற்கு முன்பே பராசரன் செருப்பைக் கழற்றிவிடுவார். இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் ஒதுக்கி, வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெறுங்காலுடன் உள்ளே நுழைவார். "எப்படி இருக்கான் நம்ம ஹீரோ?" என்பார். ஹீரோ பெரும்பாலும் முற்றத்து மூலையில், தான் கழித்த ரத்தத்தின் நடுவே கிடக்கும்.

மைசூர் விஜயநகரில் நாய்க்குட்டிகளுக்குப் பார்வோ வந்திருக்கிறது. குடலை அரிக்கும் வைரஸ். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சில நாட்களிலேயே பல குட்டிகள் போய்விடுகின்றன. மனிதருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் போய் விசாரிப்பது பராசரன் வீட்டு வழக்கம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அதை நாய்களுக்கும் நீட்டித்திருக்கிறார். இரக்கமுள்ளவர். அது உண்மையான இரக்கம்தான், சிக்கலே அதில்தான்.

சொந்தமாக நாய் கிடையாது. "ஆத்துல பெருமாள் இருக்கார். நாயெல்லாம் வெச்சுக்கப்படாது" என்பார். ஆகவே பிறர் வீட்டு நாய்களை நேசிக்கிறார். செலவில்லாத அன்பு தாராளமாகத்தான் இருக்கும்.

ஒரு முற்றத்தில் நடந்து, குட்டியின் தலையைத் தடவி, "பாவம், சூடுதான். மோர் குடுங்கோ, சரியாப் போயிடும்" என்று வைத்தியம் சொல்லிவிட்டு, அப்படியே அடுத்த வீட்டுக்குப் போவார். எல்லாம் முடிந்து தம் வீட்டுக்குத் திரும்பியதும் பின்பக்கக் குழாயடியில் நின்று கணுக்கால்வரை தேய்த்துக் கழுவுவார். அழுக்கு வெளியிலிருந்து தம்மிடம் வரும் என்பது அவருக்குத் தெரியும். தம்மிடமிருந்து வெளியே போகும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

எதற்கும் காரணம் தேடுபவரும்கூட. "குண்டலுபேட்டைலேருந்து எவனோ ஒரு குட்டி வாங்கிண்டு வந்தானாம். அங்கேருந்துதான் ஆரம்பம், அல்வா?" என்று, 'இல்லையா' என்பதை மட்டும் கன்னடத்தில் கேட்பார். அடுத்து எந்த வீட்டில் நோய் வரும் என்பதைக்கூட யாரும் எளிதில் சொல்லிவிடலாம். போன வாரம் அவர் போய் வந்த வீடாக இருக்கும்.

கால்நடை மருத்துவர் மனிஷா, 'செருப்போடு யாரையும் உள்ளே விடாதீர்கள், கிருமி அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது' என்று தெருவின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார். பராசரனுக்கு ஒரே மகிழ்ச்சி. "நம்ம பெரியவா எப்பவோ சொன்னது. டாக்டரம்மாவுக்கு இப்பத்தான் தெரியறது." அன்றிலிருந்து இன்னும் அதிக வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்.

நேற்றுக் காலை ரக்ஷா வீட்டு நாய் செத்துப்போனது. பராசரன் போய்க் கண் கலங்கிவிட்டு, அங்கிருந்து நேராக லீலா வீட்டுக்கு வந்தார். லீலாவின் சின்னுவுக்கு ஒரு தடுப்பூசிதான் ஆகியிருக்கிறது. கேட்டுக்கு உட்புறம் அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் தண்ணீர் வைத்திருந்தாள்.

"அங்கிள், ஸ்வல்ப இதுல கால நனைச்சிட்டு வாங்க. பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கேன். சின்னுக்கு இன்னும் ரெண்டாவது ஊசி போடல."

"இதுல யார் யார் கால் வெச்சா?"

"எல்லாரும்தான். பால்காரர், தண்ணி கேன் போடறவர்…"

"அவா கால் வெச்ச ஜலத்துலயா?" அவர் முகம் சுருங்கியது. "நான் செருப்பே போட்டுண்டு வரலையே மா. பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு."

"ரக்ஷா வீட்லேர்ந்துதானே வரீங்க?"

"பின்னே? போகாம இருக்க முடியுமா? செத்துப்போனதை மடியில வெச்சுண்டு அழறா, பாவம்."

"அங்கிள், ப்ளீஸ். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அங்கேயே நில்லுங்க."

அவர் வேட்டியை முழங்கால்வரை தூக்கி, சாக்கடையைத் தாண்டுவதுபோல் தட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றார். லீலா பதறிப்போய்ப் பின்னால் திரும்பிக் குட்டியைப் பிடிக்கக் குனிந்தாள். அது அவள் கைக்கடியில் நழுவி ஓடிவந்து, பராசரனின் கால் கட்டைவிரலை நக்கத் தொடங்கியது.

"சின்னு! பேடா, வேண்டாம்! வா இங்க!"

"திட்டாதே மா. பிரியமாப் பண்றது" என்ற பராசரன், குட்டிக்கு வசதியாக இருக்கட்டும் என்று மற்ற காலையும் முன்னே நகர்த்தி வைத்தார்.